மானுக்கு ஈடு ஆடு

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்து முஸ்லிம் இல்லங்களில் பெருநாள் விருந்துகளில் இடம்பெறும் பண்டங்களுள் ஆட்டுத் தொடை வாட்டலும் ஒன்று. தொடையைத் துண்டு போடாமல் ஆங்காங்கே கீறி, புதினாவும் மல்லித்தழையும் இஞ்சி பூண்டும் அரைத்துப் பூசி, வெங்காயம், முள்ளங்கி, கேரட் ஆகியவற்றின் மேல் கிடத்தி, மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் பொறுமையாக வேகவைப்பது இதன் முறை. உர்தூ பேசும் குடும்பத்தார் இதனை ‘ரான்’ என்பர். இளைய தலைமுறை ‘ரோஸ்ட்’ என்கிறது. இப்பண்டம் பரிமாறப்படும் இடங்களில், ‘இது மான் தொடையில் செய்ய வேண்டியது, நவாபு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள், ஆடு அதற்கு மாற்று’ என்னும் பேச்சும் எழுவதுண்டு. இக்கூற்றில் பாதி உண்மை. மறுபாதியை வரலாற்றின் துணைகொண்டும் மார்க்கச் சட்டத்தின் துணைகொண்டும் ஆராய்வது பயனுடையது. ஏனெனில், இப்பேச்சு வெறும் பழம்பெருமையோடு நின்றுவிடுவதில்லை. ‘மான் ஹலால்தானே’ என்ற அடுத்த வாக்கியத்திற்கும், அங்கிருந்து திருட்டுத்தனமாக விற்கப்படும் இறைச்சிக்கும் சிலரை அது இட்டுச் செல்கிறது.

முதலில் இடத்தைப் பற்றி. பூவிருந்தவல்லி என்று பழம்பெயர் கொண்ட பூந்தமல்லி, பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோல்கொண்டா ஆட்சியின் கீழ் வந்தது. சுல்தான் அப்துல்லாஹ் குத்புஷாவின் காலத்தில், 1653ஆம் ஆண்டில், அஸ்தராபாத் நகரைச் சேர்ந்த ருஸ்தம் என்பவர் இங்குப் பள்ளிவாசல் ஒன்றைக் கட்டினார் என்பதைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அஸ்தராபாத் என்பது ஈரானில் காஸ்பியன் கடலின் தென்கிழக்கே உள்ள இன்றைய குர்கான் நகரம். அவ்வளவு தொலைவிலிருந்து வந்த ஒருவர் பெயர் பூந்தமல்லிக் கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதே, சென்னைப் பட்டணம் சிறு வணிகக் குடியிருப்பாக இருந்த காலத்தில் இவ்வூர் எத்தகைய தொடர்புகளைக் கொண்டிருந்தது என்பதற்குச் சான்று. பின்னர் ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியும், அதன்பின் கும்பினி ஆட்சியும் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூந்தமல்லி ஐரோப்பியப் படைவீரர்களின் பாளையமாகவும், நோயுற்ற வீரர்கள் தங்கித் தேறும் இடமாகவும் விளங்கியது.

சென்னையைச் சூழ்ந்த இச்சமவெளி வெளிமானுக்கு உரிய நிலம். திறந்த புல்வெளியில் மந்தையாக மேய்ந்து, ஆபத்து வந்தால் காட்டுக்குள் ஒளியாமல் ஓடியே தப்பிக்கும் மான் அது. இரலை, கலைமான் என்ற பெயர்களும் அதற்குண்டு. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காட்டில், சுமார் 270 ஹெக்டேர் பரப்புக்குள், புள்ளிமான்களோடு இன்று வாழ்ந்துவரும் வெளிமான் கூட்டம் அந்தப் பழைய சமவெளியின் மிச்சம் எனலாம். ஆகவே, முன்னாளில் இவ்வட்டாரத்து அடுக்களைகளில் மான் இறைச்சி ஏறியிருக்கும் என்பதில் வியப்பில்லை.

இனி நூல்களுக்கு வருவோம். நெருப்பில் வாட்டிய இறைச்சி இஸ்லாமிய மரபில் விருந்தோம்பலின் அடையாளம். இப்ராஹீம் நபி (அலை) தம்மிடம் வந்த விருந்தினர்க்குக் கன்றை வாட்டிக் கொண்டுவந்து வைத்ததைத் திருக்குர்ஆன் ஹூது அத்தியாயத்தில் கூறும்போது ‘ஹனீத்’ என்னும் சொல்லை ஆள்கிறது. சூடேற்றிய கற்களின் இடையே வாட்டியது என்று விரிவுரையாளர்கள் இதற்குப் பொருள் உரைப்பர். யமன் நாட்டில் இப்பெயரில் ஓர் உணவு இன்றும் உண்டு. பாரசீகத்தில் ‘பிர்யான்’ என்றால் வறுத்தது, வாட்டியது என்று பொருள். இன்று நாம் பிரியாணி என்று அழைப்பதன் பெயரில் அரிசியைக் காட்டிலும் வாட்டலுக்கே முதலிடம் என்பது பலர் கவனிக்காத செய்தி.

பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் சமையல் நூல் தொகுத்த இப்னு ஸய்யார் அல்-வர்ராக், வேட்டை இறைச்சிகளுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கியுள்ளார். அடுத்த நூற்றாண்டில் ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ என்னும் மருத்துவ அட்டவணை நூலை எழுதிய பாக்தாத் மருத்துவர் இப்னு புத்லான், மான் இறைச்சி வெப்பமும் வறட்சியும் உடையது என்றும், எண்ணெய்ப் பொருளும் புளிப்பும் சேர்ப்பதால் அதன் கேடு நீங்கும் என்றும் வகுத்தார். யூனானி மருத்துவத்தின் மொழி இது. ஆனால் சமையற்காரரும் இதையேதான் சொல்வார். மான் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு; பச்சை இறைச்சி 100 கிராமில் இரண்டு மூன்று கிராம் மட்டுமே. கொழுப்பில்லாத இறைச்சியைத் தீயில் நேரே காட்டினால் மேற்புறம் கருகும், உட்புறம் கயிறாகும். எனவே நெய் அல்லது கொழுப்பு வெளியிலிருந்து தரப்பட வேண்டும்; புளிப்பு நாரை இளக்க வேண்டும்; உடன் வேகும் காய்கள் தம் நீரை விட்டு ஆவியாக்கி அதனைக் காக்க வேண்டும். காய்களும் தழைகளும் இப்பண்டத்தில் அழகுக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல என்பது இதனால் விளங்கும்.

இந்தியாவில் இம்மரபு எப்படி வேரூன்றியது என்பதைக் காட்டும் அரிய ஆவணம் ‘நிஃமத்நாமா’. மாளவத்தின் மாண்டு நகரில் ஆண்ட கியாதுத்தீன் ஷா, அவர் மகன் நாசிருத்தீன் ஷா ஆகியோர் காலத்தில், ஏறத்தாழ 1500ஐ ஒட்டி, பாரசீகத்தில் எழுதப்பெற்ற சமையல் நூல் இது. ஐம்பது ஓவியங்கள் கொண்டது. வேட்டைக்குச் செல்லும்போது உடன் கொண்டுபோக வேண்டியவை எவை, அங்கே கிடைக்கும் மானையும் பறவையையும் எப்படிச் சமைப்பது என்பனவும் இதில் உண்டு. கீரைகள், புதினா, எலுமிச்சை, இஞ்சி, பெருங்காயம், நெய் என நம் அடுக்களையில் இன்றும் இருப்பவையே பெரும்பாலும் பேசப்படுகின்றன. மிளகாய் இல்லை; உருளைக்கிழங்கு இல்லை. அவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னர் வந்தவை. இந்நூலின் கையெழுத்துப் பிரதி திப்பு சுல்தானின் நூலகத்தில் இருந்தது என்பது தென்னகத்து வாசகர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அது கும்பினியார் கைக்குப் போய், இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. நோரா டிட்லியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இல் வெளிவந்தது.

சென்னைக்கு இன்னும் நெருக்கமான நூல் ஒன்றும் உண்டு. ஷாஜஹான் காலத்து அரண்மனைச் சமையலைக் கூறும் ‘நுஸ்கா-இ-ஷாஜஹானி’ என்ற பாரசீக நூலை, சையத் முஹம்மது ஃபஸ்லுல்லாஹ் பதிப்பிக்க, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1956இல் அச்சிட்டது. புலாவு வகைகளை விரிவாகப் பேசும் அந்நூல் தில்லியிலோ ஆக்ராவிலோ அன்றி, தமிழ் வழங்கும் நகரில், சென்னை அரசின் செலவில் அச்சேறியது. கர்நாடக நவாபுகளின் வரலாற்றுக்கான பாரசீக மூலங்களை ஆங்கிலத்தில் தந்த எஸ். முஹம்மது ஹுசைன் நயினார் அவர்களின் உழைப்பை அறிந்தவர்கள்கூட இச்சமையல் நூலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சமையல் என்றால் பெண்களின் காரியம், ஆய்வுக்கு உரியதன்று என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

மான் எப்படிப் பிடிக்கப்பட்டது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. அரசர்கள் வெளிமானைச் சிவிங்கிப் புலியை விட்டுப் பிடித்தனர். பழக்கப்பட்ட வேட்டை விலங்கு பிடித்துத் தந்ததை, அல்லாஹ்வின் பெயர் கூறி அனுப்பியிருந்தால், உண்ணலாம் என்று அல்-மாயிதா அத்தியாயம் அனுமதிக்கிறது. அதீ இப்னு ஹாதிம் (ரலி) இது பற்றி வினவியபோது, விலங்கு தானே அதில் தின்றுவிட்டால் நீர் உண்ணாதீர், அது தனக்காகப் பிடித்துக்கொண்டது என்று நபிகள் நாயகம் (ஸல்) விளக்கினார்கள். பசித்த விலங்கின் இயல்பைக் கட்டுப்படுத்தியபின்தான் அதன் வேட்டை மனிதனுக்கு ஆகுமாகிறது! பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவின் ஷைஸர் கோட்டையில் வாழ்ந்த உஸாமா இப்னு முன்கித் தம் நினைவுக் குறிப்புகளில், தந்தையார் வளர்த்த சிவிங்கி ஒன்றைப் பற்றி எழுதுகிறார். வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி அதனைப் பேணினாள். வெளியில் மான்களை விரட்டிப் பிடித்த அந்த விலங்கு, வீட்டு முற்றத்தில் உலவிய வளர்ப்பு மான்களை ஒருபோதும் தீண்டவில்லையாம்.

சென்னை ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிகாட், இந்தியாவிலிருந்து சிவிங்கி ஒன்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு அளித்தார். 1764இல் விண்ட்சர் பூங்காவில் அதனைக் கலைமான் ஒன்றின் மீது ஏவிக் காட்டினர். அங்குள்ள மான் ஓடவில்லை. கொம்பால் முட்டி எறிந்தது. சிவிங்கி பின்வாங்கிவிட்டது. அந்நிகழ்ச்சியையொட்டி ஜார்ஜ் ஸ்டப்ஸ் தீட்டிய ஓவியம் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் உள்ளது. தலைப்பாகை அணிந்த இந்தியப் பணியாளர் இருவர் அதில் நிற்கின்றனர். ஒருவர் சிவிங்கியின் அருகே, மற்றவர் மானை நோக்கிக் கைகாட்டியபடி. இந்திய மண்ணிலோ சிவிங்கி இனம் அழிந்துவிட்டதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் நமீபியாவிலிருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோவில் விடப்பட்டவை வேறு இனப்பிரிவைச் சேர்ந்தவை.

கும்பினிக் காலத்திற்குப் பின் மான் தொடை துரைமார் மேசைக்குப் போயிற்று. ‘ரோஸ்ட்’ என்ற சொல்லும் அவ்வழியாக வந்ததே. சென்னைக் குதிரைப்படை அதிகாரி கென்னி-ஹெர்பெர்ட், ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் எழுதிய சென்னைச் சமையற் குறிப்பு நூலை 1878இல் ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டது. ஆங்கிலேயர் வீட்டுச் சமையற்காரரை ‘ராமசாமி’ என்ற பொதுப்பெயரால் அவர் சுட்டுகிறார். கூடார வாழ்வில் சமைப்பதற்கும் அறிவுரை கூறுகிறார். மறு ஆண்டே, 1879இல், நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. பாதுகாப்பு என்பது பெயர். விளையாட்டாக வேட்டையாடுவோர்க்குப் போதிய மான்கள் எஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். உரிமக் கட்டணம் செலுத்திய துரை சுட்டால் அது வேட்டை. மலைவாழ் மக்கள் பொறி வைத்தால் அது குற்றம். வனச் சட்டம் என்றாலே நம் மக்களிடம் இன்றும் காணப்படும் கசப்புக்கு இதிலும் ஒரு வேர் உண்டு. அக்கசப்பு நியாயமானதே.

ஆனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை அதே தட்டில் வைக்க இயலாது. தொடக்கத்தில் சில விலங்குகளுக்கு உரிம வேட்டையை அனுமதித்த அச்சட்டம், 1991இன் திருத்தத்திற்குப் பின் பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் வேட்டையை எல்லார்க்கும் தடை செய்தது. இப்போது துரை என்றும் குடி என்றும் வேறுபாடில்லை. வேட்டையாடுவது மட்டுமன்றி, இறைச்சியை விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள்.

இங்கேதான், அல்லாஹ் ஆகுமாக்கியதை அரசு தடுக்கலாமா என்ற கேள்வி எழுப்பப்படுகிறது. மான் ஹலால் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஹலாலான உயிரினத்தின் எல்லா இறைச்சியும் ஹலால் ஆகிவிடாது. அல்-மாயிதாவின் மூன்றாம் வசனம் கழுத்து நெரிபட்டுச் செத்ததையும், அடிபட்டுச் செத்ததையும், விழுந்து செத்ததையும் விலக்குகிறது. கம்பிச் சுருக்கில் சிக்கி இறந்த மான் எந்த வகை? நாயை விட்டுக் கடித்துக் குதறப்பட்டது எந்த வகை? துப்பாக்கிக் குண்டால் உயிர் போனதைப் பற்றியே சட்ட அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி அறிஞர் பலர் அதனை அடிபட்டுச் செத்ததன் வகையில் சேர்த்தனர். இருளில் கைமாறும் பொட்டலத்தில், யார் அறுத்தார், உயிர் இருக்கும்போது அறுத்தாரா, பெயர் கூறினாரா என்று கேட்கும் வாய்ப்பே வாங்குபவர்க்கு இல்லை. தெருமுனைக் கறிக்கடையில் ஒன்றுக்கு இருமுறை கேட்டு வாங்கும் நாம், இதில் மட்டும் கேளாமல் இருப்பது விந்தை.

வேட்டைக்கு எல்லை இடுவது மார்க்கத்துக்குப் புதிதுமன்று. இஹ்ராமில் இருப்பவர் தரைவாழ் விலங்கை வேட்டையாடக் கூடாது. மக்காவின் ஹரமிலும் மதீனாவின் இரு கரும்பாறை வெளிகளுக்கு இடைப்பட்ட நிலத்திலும் எவர்க்கும் எக்காலத்தும் வேட்டை இல்லை. மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றை வெருட்டவும் மாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது.

இஹ்ராமில் ஒருவர் மானைக் கொன்றுவிட்டால் என்ன ஈடு? கொன்றதற்கு ஒப்பான கால்நடையை, நீதியுடைய இருவர் தீர்ப்பளித்தபடி, பலியிட வேண்டும் என்கிறது இறைவசனம். கபீஸா இப்னு ஜாபிர் என்பவர் ஹஜ்ஜுப் பயணத்தில் கல்லெறிந்து ஒரு மானைக் கொன்றுவிட்டு உமர் (ரலி) அவர்களிடம் வந்தார். உமர் (ரலி) பக்கத்திலிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களைக் கலந்துகொண்டு, ஓர் ஆட்டைப் பலியிடுமாறு தீர்ப்பளித்தார்கள். கலீஃபாவுக்கே தீர்ப்புத் தெரியவில்லை, அடுத்தவரைக் கேட்கிறார் என்று கபீஸா முணுமுணுத்தது அவர்கள் செவிக்கு எட்டிவிட்டது. இருவர் தீர்ப்பளிக்க வேண்டும் என்பது இறைக்கட்டளை, இவர்தாம் அந்த இரண்டாமவர் என்று உமர் (ரலி) கடிந்துரைத்தார்கள். மானுக்கு ஈடு ஆடு என்பது இவ்வாறு நபித்தோழர் காலத்திலேயே நிலைபெற்றது. வசனத்தில் உள்ள ‘ஒப்பு’ என்னும் சொல்லுக்கு உருவ ஒப்பு என்று இமாம் ஷாஃபிஈ பொருள் கொண்டார்; மதிப்பில் ஒப்பு என்பது இமாம் அபூஹனீஃபாவின் கொள்கை. இரு மத்ஹபினரும் கலந்து வாழும் நம் மேற்குப் புறநகரில், இரண்டு விளக்கங்களையும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆடு மானுக்கு மட்டமான மாற்று என்னும் பேச்சை மறுக்க இது ஒன்றே எனக்குப் போதும். சமையல் நோக்கிலும் இது பொருந்துகிறது. ஆங்கிலேயர் உண்ட கொழுத்த செம்மறியை அன்றி, நம் வெள்ளாட்டை எடுத்துக்கொண்டால், அதன் இறைச்சியிலும் 100 கிராமுக்கு இரண்டு மூன்று கிராம் அளவே கொழுப்பு. நீண்ட நார், குறைந்த கொழுப்பு, தழை மேய்ந்த மணம் ஆகிய மூன்றிலும் மானுக்கு மிக நெருங்கிய வீட்டு விலங்கு அதுவே. இப்னு புத்லான் மானுக்குச் சொன்ன நெய்யும் புளிப்பும் வெள்ளாட்டுத் தொடைக்கு அப்படியே பொருந்துகின்றன.

தமிழ் முஸ்லிம்களின் நெஞ்சில் மானுக்கு இன்னோர் இடமும் உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ படியாத தமிழறிஞர் குறைவு. வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான், குட்டிக்குப் பாலூட்டி மீள அனுமதி வேண்ட, நபிகள் நாயகம் (ஸல்) அதற்குப் பிணை நிற்கிறார்கள்; மான் சொன்ன சொல் தவறாமல் குட்டியோடு திரும்புகிறது; வேடன் மனம் மாறுகிறான். பிணை என்ற சொல்லுக்கே பெண்மான் என்றும் பொருள் உண்டு என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். இந்நிகழ்ச்சியைக் கூறும் அறிவிப்புகள் பலவீனமானவை என்று ஹதீஸ் கலை வல்லுநர் பலர் கருதுகின்றனர். சட்டத்துக்கு இதனை ஆதாரமாக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று நூற்றாண்டுகளாக இதனைப் பாடியும் கேட்டும் வந்த சமூகம், மான் தொடை இல்லாத விருந்தைக் குறையுள்ள விருந்து என்று எண்ணியிருக்குமா?

இனி அடுக்களை. ஒன்றரைக் கிலோ அளவுள்ள இளம் வெள்ளாட்டுத் தொடை போதும். மேலுள்ள சவ்வை உரித்துவிட்டு, எலும்பு வரை ஆழமாகக் கீறி, உப்பும் எலுமிச்சைச் சாறும் தேய்த்து அரைமணி வைக்க வேண்டும். பின் புளித்த தயிர், இஞ்சி, பூண்டு, மிளகு, புதினா, மல்லித்தழை ஆகியவற்றை அரைத்துக் கீறல்களுக்குள் செல்லுமாறு பூசி ஓர் இரவு குளிரில் வைப்பது நலம். பப்பாளிக்காய் சேர்ப்போர் சமைப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் சேர்க்க வேண்டும். இரவெல்லாம் ஊறினால் மேற்பகுதி கூழாகிவிடும். பப்பாளியும் அமெரிக்கச் சரக்கே. மாண்டு சுல்தான்கள் அதனை அறியார்.

அடி கனத்த தேக்சாவில் நெய் விட்டுத் தொடையை எல்லாப் பக்கமும் சிவக்கப் புரட்டி எடுத்துவிட்டு, அதே நெய்யில் முழு வெங்காயம், முள்ளங்கி, நூல்கோல், கேரட் ஆகியவற்றைப் பரப்பி, அவற்றின் மேல் தொடையைக் கிடத்த வேண்டும். தண்ணீர் விடலாகாது. மூடியின் விளிம்பைக் கோதுமை மாவால் அடைத்து, கீழே சிறு தீயும் மூடி மேல் கரிக்கங்குமாக இரண்டரை மணி நேரம் விட வேண்டும். அடுக்குமாடி வீட்டில் கரிக்கு இடமில்லாதவர்கள் தேக்சாவின் அடியில் தோசைக்கல்லை வைத்துக்கொள்ளலாம். மேற்புறம் அவ்வளவு சிவக்காது, ஆனால் வேக்காட்டில் குறையிராது. திறந்தவுடன் வெட்டாமல் கால்மணி நேரம் ஆறவிட்டால் சாறு இறைச்சியிலேயே தங்கும். அடியில் காய்களோடு திரண்டு நிற்கும் சாற்றை வடிகட்டாமல் அப்படியே ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார்கள். முள்ளங்கிக்குத்தான் பிள்ளைகளிடையே போட்டி.